புள்ளிக் கணக்கு

கானாடுகாத்தான் டவருக்கு
ராத்திரி பன்னிரண்டு அடித்தால் காது அடைத்துவிடும்.
காரைக்குடி அலுவலகத்தில், என் திரையில்
பச்சைப் புள்ளிகள் ஒரே மூச்சில் சிவக்கும்.
குடிநீர் மீட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர், தெருவிளக்கு,
பூட்டிய வீடுகளின் கதவுக் கருவி,
ஆறாயிரத்து நானூறு.
ஒவ்வொன்றும் சொல்ல வருவது
ஒரு தந்தி அளவுகூட இல்லை.
தொழிற்சாலையில் எவனோ எல்லாவற்றுக்கும்
நள்ளிரவு என்றே எழுதி அனுப்பிவிட்டான்.

பதில் கிடைக்காதது மறுபடி கூப்பிடும்.
மறுபடி மோதும். மறுபடி.
பத்து வருடம் வரவேண்டிய பாட்டரி
மூன்றாம் வருடமே இருமும்.
இன்னொரு அலைவரிசை கேட்டேன்.
சென்னையிலிருந்து எஸ்தர் மேடம் சொன்னார்:
"இருக்கிறதைப் பங்கு வை, சிகப்பி."

நூற்றெண்பது கிலோஹெர்ட்ஸ்.
பங்காளி வீடுபோலப் பிரித்தேன்:
அறை தனித்தனி, முற்றம் பொது,
வாய் திறப்பது மட்டும் முறைவைத்து.
பள்ளத்தூர் ஒன்று பத்துக்கு.
கொத்தமங்கலம் இரண்டே காலுக்கு.
கரண்ட் போய் வந்தால்
மோட்டார்கள் முண்டக் கூடாது;
தாயம் போட்டு, விழுந்த எண்ணுக்குக் காத்திருக்கட்டும்.

அப்புறம் இந்தப் பூட்டிய வீடுகள்.
ஆயிரத்து நூறு மீட்டர், தினமும் ஒரே சேதி:
பூஜ்ஜியம்.
ஊர்க் கோயில் வரிக்குக் கல்யாணம் ஆனால்தான் புள்ளி.
எனக்கு ஆகவில்லை.
என் திரையிலோ ஆளே இல்லாத வீட்டுக்கும் புள்ளி உண்டு.
சனிக்கிழமை மட்டும் சொன்னால் போதும் என்று
ஒரே கட்டளையில் தூங்கவைத்தேன்.
அன்றைக்குப் பன்னிரண்டு மணி
ஒரு தும்மல் இல்லாமல் கடந்தது.
டீ குடித்தேன். திரையைப் படம் பிடித்து
மேடத்துக்கு அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை
4417ஆம் எண்: முப்பத்தொன்பதாயிரம் லிட்டர்.

ஞாயிறே குழாய் வெடித்திருக்கிறது.
காவலுக்கு இருந்த அடைக்கன்
புதுவயலில் மச்சினன் கல்யாணத்தில்.
தண்ணீர் முற்றம் நிறைந்து, பட்டாலை ஏறி,
நெல்லறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு
பின்வாசல் வழியாகத் தெருவுக்கு வந்திருக்கிறது.
ஆடுகள் குடித்திருக்கின்றன.
கதவுக் கருவி ஆறு நாளும் தவறாமல் சொன்னது:
மூடியிருக்கிறது.

மீட்டருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.
லிட்டர் லிட்டராக எண்ணிக்கொண்டு
நான் சொன்ன கிழமைக்குக் காத்திருந்தது,
அவ்வளவு ஒழுக்கம்.

இப்போது விதியை மாற்றிவிட்டேன்.
பூஜ்ஜியம் தூங்கலாம்.
எண் அசைந்தால் கிழமை பார்க்காதே, கத்து.
அந்தக் கத்தலுக்கென்று
அலைவரிசையில் ஓர் இடம் விட்டிருக்கிறேன்.
"அது ஏன் சும்மா கிடக்கிறது?"
மாதாமாதம் மேடம் கேட்கிறார்.
வருகிற மாதம் இன்னும் ஒன்பதாயிரம் மீட்டர் இறங்குகிறது.

கிடக்கட்டும் மேடம் என்கிறேன்.
யாரும் வராத அறைதான்.
பெருக்கி வைத்திருக்கிறேன்.