நாற்பது மீட்டர் வலை

பி வர்க்கம் கழித்தல் நாலு ஏசி என்றதும்
கடைசி வரிசை சிரித்தது.
ராயக்கோட்டை, பத்தாம் வகுப்பு ஆ பிரிவு.
ஓடுகிற ஒரே மின்விசிறியும் என் தலைக்கு மேல்.
நாலு ஏசிக்கு நான் எங்கே போக?

இதன் பெயர் தன்மைகாட்டி, என்றேன்.
மூலங்களைக் கையில் தராது.
உண்டா இல்லையா, ஒன்றா இரண்டா,
அவ்வளவுதான் சொல்லும்.
வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணி
உள்ளே எத்தனை பேர் என்று சொல்வதுபோல.
யார் யார் என்று தெரிய
கதவைத் தட்டத்தான் வேண்டும்.

சூத்திரத்தை மட்டும் எழுதிப் போட்டால் தூங்கிவிடுவார்கள்.
மதிய உணவு முட்டையோடு முடிந்த நேரம்.
அதனால் நாகவேணி வீட்டு வலையை
அவளைக் கேட்காமலே எடுத்துக்கொண்டேன்:
தக்காளி நாற்றங்காலில் பன்றி இறங்குகிறது,
சுற்றிக் கட்ட நாற்பது மீட்டர் வலைதான் இருக்கிறது.
ஒரு பக்கம் எக்ஸ்,
மறுபக்கம் இருபதில் எக்ஸ் போன மிச்சம்.

தொண்ணூற்றாறு சதுர மீட்டர் வேண்டுமா?
நானூறில் முந்நூற்று எண்பத்து நாலு போனால் பதினாறு.
பூச்சியத்துக்கு மேலே, ஆக இரண்டு மூலம்.
எட்டு. பன்னிரண்டு.
"திருப்பிப் போட்டா ரெண்டும் ஒரே பாத்திதானே மிஸ்"
என்றான் திம்மராயன்.
ஒரே பாத்திதான். உட்கார்.

நூறு வேண்டுமா?
நானூறில் நானூறு. பூச்சியம்.
பத்துக்குப் பத்து.
ஓசூர் பஸ்ஸில் ஒரே சீட்டில் இரண்டு பேர்போல
மூலங்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துவிட்டன.
பரவளையம் கோட்டைத் தொட்டது,
வெட்டாமல் திரும்பிவிட்டது.

நூற்றொன்று?
ஒரே ஒரு சதுர மீட்டர்தான் கூட,
நாலு கோழி படுக்கிற இடம்.
நானூறில் நானூற்று நாலு போனால் மைனஸ் நாலு.
மெய் மூலங்கள் இல்லை என்று எழுதி
அடிக்கோடிட்டேன்.
அந்தக் கோட்டில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது,
இல்லையென்று சொல்ல மாட்டேன்.

நாகவேணி எழுந்திருக்கவில்லை.
உட்கார்ந்தபடியே, நோட்டைப் பார்த்துக்கொண்டே,
"எங்க அப்பா நூத்தம்பது மடக்கியிருக்காரே மிஸ்."
அதே வலையா?
"அதே நாப்பது மீட்டர்தான்.
எங்களுது ஒரு பக்கம் பூரா பாறை.
பன்னி பாறையில இறங்காது.
அங்க எதுக்கு வலை?"

ஜன்னலுக்கு வெளியே கோட்டை மலை நின்றது.
ஒரே கல்லாய், வெயிலில் வெளுத்து.
பதினோரு வருஷமாக அதற்கு முதுகைக் காட்டியபடி
கணக்குப் போடுகிறேன்.
ஒரு கணக்கிலும் அதைச் சேர்த்ததில்லை.

அழித்தேன். அடிக்கோடு மட்டும் போகவில்லை.
எக்ஸ், எக்ஸ்,
பாறைக்கு எதிரே நாற்பதில் இரண்டு எக்ஸ் போன மிச்சம்.
நூற்றைம்பதுக்கு
ஆயிரத்து அறுநூறில் ஆயிரத்து இருநூறு போனால்
நானூறு.
மூலங்கள் ஐந்து, பதினைந்து.
திம்மராயா, இப்போது திருப்பிப் போடு பார்க்கலாம்.
அவன் விரலால் காற்றில் வரைந்து பார்த்தான்.
ஒன்று பாறையோரம் படுத்திருந்தது,
ஒன்று பாறையை விட்டு நீட்டிக்கொண்டிருந்தது.
"வேற வேற மிஸ்."

இதில் எது உங்கள் அப்பா?
"அஞ்சு. பாறையோரமா, நீளமா.
மத்தியானம் நெழல் விழும், நாத்து வாடாது."
அது எந்தச் சூத்திரத்திலும் இல்லை.

மைனஸ் நாலு பொய் சொல்லவில்லை.
கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொன்னது.
நாலு பக்கமும் வலை என்று கேட்டவள் நான்.

தேர்வில் பாறையெல்லாம் வரைந்துவைக்காதீர்கள்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் திம்மராயன் கணக்குப் போட்டுவிட்டிருந்தான்:
"இருநூறுக்குப் பூச்சியம் வருது மிஸ்.
இருநூத்தியொண்ணு வேணும்னா?"

மைனஸ் எட்டு.
எழுதினேன், அடிக்கோடு போடவில்லை.
வகுப்பு மொத்தமும் திரும்பி
நாகவேணியைப் பார்த்தது,
அவர்கள் தோட்டத்தில்
இன்னொரு பாறை இருக்குமா என்று.