நான்கெல்லை

கிழக்கு எல்லையை எழுதும்போது மட்டும்
பேனா மூடியைக் கடிக்கிறேன்.

நாகலகுண்டா, புஞ்சை, அறுபத்திரண்டு சென்ட்.
போன பத்திரத்தில்
"எத்திராஜுலு மாந்தோப்புக்கு மேற்கு" என்றிருந்தது.
இந்தத் தடவை
"பேரூராட்சி உரக்கிடங்குக்கு மேற்கு".
உரம் எங்கே என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை.
காகிதத்தில் அதற்கு அதுதான் பெயர்.

பங்காரம்மா எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.
செத்த பக்கன பூமி என்கிறாள் தெலுங்கில்.
குப்பைக்குப் பக்கத்து நிலம், அவ்வளவுதான் அர்த்தம்.
என் காது தமிழ்க் காது.
முதல் சொல்லிலேயே நின்றுவிடுகிறது.

மூன்று வருடம் மல்லிகை போட்டிருந்தாள்.
நகரி வியாபாரி கூடையை முகர்ந்து பார்த்துத்
திருப்பி வைத்துவிட்டுப் போனான்.
பூவில் ஒன்றுமில்லையாம், துணியில்தான் வாடையாம்.
துணியை மாற்றிப் பார்த்தாள்.
அப்புறம் கடலை. குத்தகைக்கு வந்தவன்
கிணற்று நீரை வாயில் வைத்துத் துப்பிவிட்டு
முன்பணத்தைக்கூடக் கேட்காமல் போய்விட்டான்.
இப்போது அங்கே நாய்கள் குட்டி போடுகின்றன.
சாலையோரம் வெங்கடசாய் நகர் என்று
ஒரு வளைவு நிற்கிறது, நாற்பது வெள்ளைக் கற்களோடு.
ஒரு கல்லில் பருந்து.

சென்ட் நாற்பத்தைந்தாயிரம் சொன்ன இடம்.
பிறகு இருபது.
இன்றைக்குப் பதினொன்று,
அதுவும் ரேணிகுண்டா சுதர்சன ராஜு
பாட்டில் நசுக்கும் மிஷின் வைக்கப் போவதால்.
அவனுக்குக் குப்பை பக்கத்தில் இருந்தால் வண்டிக்கூலி மிச்சம்.
அரசாங்கத்து வழிகாட்டி மதிப்புக்கு மூக்கு கிடையாது.
அது முப்பதிலேயே நிற்கிறது.
பதினொன்றுக்கு வாங்கி முப்பதுக்கு முத்திரைத்தீர்வை.
அந்த வித்தியாசத்தை ராஜு
இவள் கணக்கில் பிடித்துக்கொள்கிறான்.
கூட்டிக் கழித்துக் கொடுத்தது நான்.

எட்டு ஏக்கர் விரிவாக்கத்தையும் நான்தான் எழுதினேன்.
எத்திராஜுலுவுக்குக் காசோலை வந்தது,
புத்தூரில் மாடி வீடு கட்டிவிட்டார்.
வேலிக்குள் விழுந்தவருக்கு விலை.
ஒரு முழம் வெளியே நின்றவளுக்கு ஈ.

போன வருடம் லாரிக்கு முன்னால் படுத்தவள் இவள்.
புடவையில் டயர்ச் சேறோடு பேப்பரில் படம் வந்தது.
இந்தத் தை மாதம் மனு எழுதச் சொன்னாள்,
இன்னும் விரிக்கச் சொல்லி.
"என் நிலத்தையும் சேர்த்துக்கொள்ளும்படி
தாழ்மையுடன்" என்று முடித்து
இரண்டு முறை படித்துக் காட்டினேன்.
பதில் வரவில்லை.
மகளுக்கு நர்சிங் காலேஜ் கட்டணம் பதினைந்தாம் தேதி.

வில்லங்கச் சான்று எடுத்தாயிற்று.
முப்பது வருடத்துக்கு
ஒரு வில்லங்கமும் இல்லை என்கிறது.

"கிழக்கே மாந்தோப்புன்னே எழுதேன்" என்கிறாள்.
ஒரு மரம் இன்னும் இருக்கிறதாம்,
இடுப்புவரை குப்பையில்.
இந்தப் பருவத்திலும் பூத்ததாம்.
முடியாதம்மா, ரிஜிஸ்ட்ரார் திருப்பிவிடுவார்.
சரி என்று தலையாட்டினாள்.
காயைக் காக்காய்கூடத் தொடவில்லை என்று
தானாகவே சேர்த்துக்கொண்டாள்.

கட்டைவிரல் மையைத் துடைக்க நான் நீட்டிய துணியை
முகர்ந்துவிட்டுத்தான் வாங்கினாள்.

நாலு எல்லையையும் உரக்கப் படிப்பது என் வழக்கம்.
ஓடைப் புறம்போக்குக்குத் தெற்கு.
தார்ச்சாலைக்கு வடக்கு.
கிழக்கெல்லையைப் படிக்கையில்
ராஜு கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.
தேசிகாமணி மனை ஐந்து சென்டுக்குக் கிழக்கு.

"யாருப்பா அந்த தேசிகாமணி?"
நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.
"பத்துக்குப் பேசி முடிச்சுக் கொடு" என்றான்,
"உனக்குக் கமிஷன் தர்றேன்."