ருசி சொல்லுதல்

அருமனையில் வண்டியை நிறுத்தியபோது மணி பதினொன்று.
அவசரம் ஒன்றுமில்லை. டிசம்பர் பதினெட்டு.
ரப்பர் வெட்டவிடாத மழை, விட்டு விட்டு.
ஜாண்றோஸ் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டான்:
"முதல்ல உனக்கா, எனக்கா?"

அவன் குடியை விட்டு இருபத்தேழு மாதம்.
எனக்குச் சர்க்கரை வந்து ஏழு.
ஆகவே ஏற்பாடு இப்படி:
ஒயின் வீடுகளில் நான் ஒரு வாய் குடித்துச் சொல்வது,
மிட்டாய்க் கம்பெனியில் அவன் தின்று சொல்வது.
யோசனை அவனுடையது.
மின்வாரியத்தில் லைன்மேன்,
இருக்கிற ஒயரை வைத்து வேலையை முடிக்கிறவன்.

றோஸ்லெட் அக்காவின் அடுக்களைக்குப் பின்னால் இருட்டறை.
ஆறு பரணிகள், வாயில் வெள்ளைத்துணி கட்டி,
ஞானஸ்நானத்துக்கு வரிசையில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி.
"கேக்குல சேக்கத்தான் கேட்டியளா, விக்கியதுக்கு இல்ல"
என்று பணத்தை எண்ணிக்கொண்டே சொன்னாள்.
பரணிக்கு மூணு கிலோ சீனி என்று அவள் சொன்னதை
நாங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை.

கொல்லாம்பழ ஒயின்.
ஜாண்றோஸ் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
"எப்படி?"
"முதலில் ஒரு கறகறப்பு. பிறகு, மழை நனைத்த அடுப்பு."
"அடுப்பா?"
"சாம்பல் வாசனை. அதுக்கு அடியில் அணையாமல் கொஞ்சம்."
தலையாட்டினான்.
பரணியைப் பார்க்காமல்
சுவரில் கிழிக்காத நவம்பரைப் பார்த்து.

திற்பரப்பு போகிற வழியில் தேவநேசன் சார்.
கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர்.
குப்பிக்குக் குப்பி தேதி, புளிப்பு அளவு, பெய்த மழை.
சாம்பக்காய் ஒயினை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
நாற்பது நிமிடம் பேசினார்.
ரோஜா நிறம். நாக்கில் வைத்தால்
யாரோ அடுத்த அறையில் சிரித்தமாதிரி, அவ்வளவுதான்.
அதையும் அப்படியே சொன்னேன்.
"நீங்களும் ஒரு சொட்டு?" என்றார் சார்.
"வண்டி ஓட்டணும்" என்றான் ஜாண்றோஸ்.
நிறுத்திவிட்டேன் என்று சொல்லவில்லை.
அந்த நாளுக்கு அது போதும்.
ஒரு குப்பி வாங்கினோம், நாத்தனாரின் கேக்குக்கு.

குழித்துறைப் பாலத்தருகே மரச்சீனியும் சாளைக்கறியும்.
"பேரிலேயே சீனி இருக்கு பாத்தியா" என்றான்.
பாதியை அவன் தட்டுக்குத் தள்ளினேன்.

சாமியார்மடத்திலிருந்து உள்ளே இறங்கினால் தகரக்கூரை.
மூச்சு விட்டாலே அளவு இருநூறு தாண்டும் போல.
ஒரு பையன் இரும்புக் கொக்கியில் பாகைப் போட்டு இழுக்கிறான்,
இழுக்க இழுக்க மஞ்சள் வெளுத்து
கடைசியில் மீன்வயிற்றின் நிறம்.
தொப்பி போட்ட பெண்கள் இருபது பேர்,
காகிதம் முறுக்குகிற விரல்கள் மட்டும் தெரிகிற வேகம்.
மேற்பார்வை லில்லிபாய்
சூடு ஆறாத ஒரு கைப்பிடியை எங்கள் நடுவில் நீட்டினாள்.
என் கை கொஞ்சம் எழுந்தது. பிறகு
சேலைத் தலைப்பைச் சரிசெய்தது.

ஜாண்றோஸ் ஒன்றை வாயில் போட்டான்.
"எப்படி?"
"ஆரஞ்சு."
"ஆரஞ்சு தெரியும். சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டான். மெஷின் தட்டிக்கொண்டே இருந்தது.
"லோ வோல்டேஜ்ல விசிறி சுத்துமே, முதல்ல அப்படி.
பெறவு சட்டுன்னு முழு கரெண்ட்."
"பெறவு?"
"பெறவு கடிக்கணும்னு பல்லு கேக்குது.
கடிச்சா தீந்திரும்.
அதான் ஒரு ஓரமா வச்சிருக்கேன்.
வச்சிருக்கதுதான் பாடு."

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை,
குடித்த நாட்களைச் சேர்த்தால் ஒழிய.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம்.
பத்திரிகையில் சுற்றிய குப்பி என் மடியில்,
அவன் முதுகுக்கும் எனக்கும் நடுவே,
பள்ளங்களில் லேசாகக் குலுங்கியபடி.
கண்ணாடியில் அவன் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறுகையில்
ஹெல்மெட்டுக்குள்ளிருந்து
கடக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

நான் ஒன்றும் கேட்கவில்லை.