இடது கால் லாட்

பிரித்துப் பார்க்கக் கூடாது, தூக்கிப் பார்க்கலாம் என்றார்கள்.
ஓசூர் குடோனில் ஷட்டர் பாதி ஏறி நின்றது.
கோணியின் காதைப் பிடித்துத் தூக்கினேன்.
தோல் வாசம். கால் படாத தோல்.
கிலோ தொண்ணூறுக்கு ஏலம் என் பேரில் முடிந்தது:
தமயந்தி டிரேடர்ஸ், கொண்டலாம்பட்டி பைபாஸ், சேலம்.

தொப்பூர் கணவாயில் டாடா ஏஸ் முனகிக்கொண்டு இறங்க,
ஜோடி எண்ணூறுக்கு
மனசுக்குள் விற்றுக்கொண்டே வந்தேன்.

வந்து பிரித்தால்
இடது.
அடுத்த கோணியும் இடது.
முப்பத்தொரு கோணியும்.
மாதேசு ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தான்,
"இப்படிப் போட்டா வலது ஆகுமாக்கா?"

திருட்டுப் போகாமலிருக்கக் கம்பெனி செய்த ஏற்பாடாம்,
இடது ஒரு லாரியில், வலது ஒரு லாரியில்.
கம்பெனியே போய்விட்டது.
ஏற்பாடு மட்டும்
இன்னும் நன்றாக வேலை செய்கிறது.

விற்காத சரக்கா நான் பார்க்காதது?
யாரோ ஒரு வினிஷாவின் பிறந்தநாளுக்கு அச்சடித்து
வாங்காமல் விட்ட முந்நூறு கோப்பைகளை
டீக்கடைகளுக்குத் தள்ளியவள்.
ஐந்து ரோட்டில் லோடுமேன்கள்
இன்றும் வினிஷாவில்தான் டீ குடிக்கிறார்கள்.
ஓடிப்போன சீட்டுக் கம்பெனியின் பெயர் போட்ட சுவர்க் கடிகாரம்,
அதுவும் விற்றது. நேரம் சரியாகத்தான் காட்டியது.

பன்னிரண்டாம் நாள் தகவல் வந்தது.
வலது, கிச்சிப்பாளையம் ஹயாத்திடம்.

"உங்களுது இப்ப குப்பைதானே,
கிலோ இருபதுக்குக் குடுங்க" என்றேன்.
"உங்களுதும் அதே குப்பை,
பதினஞ்சுக்குக் குடுங்க" என்றார்.
இடங்கை வலங்கைச் சண்டை
ஊருக்கு ஒருகாலத்தில் இருந்ததாம்.
எங்களுக்குக் காலில் வந்தது.

ஐப்பசியில் சேர்வராயன் மலை மேகத்துக்குள் போனது.
ஒழுகும் தகரத்தடியில் தோலுக்கு வெள்ளை பூத்தது.
தேங்காயெண்ணெய் தொட்டுத் தொட்டுத் துடைத்தோம்,
ஆயிரத்து இருநூற்று நாற்பது
இடது கால்களை.
வாங்கிய கடனுக்கு
வட்டி மட்டும் இரண்டு காலாலும் நடந்தது.

அப்போதுதான் அவர் வந்தார், சீலநாயக்கன்பட்டியிலிருந்து.
ஊன்றுகோலை ஷட்டரில் சாய்த்துவிட்டு
எட்டாம் நம்பர் கேட்டார்.
போட்டு, எழுந்து, ஓர் எட்டு வைத்து,
"எவ்வளவு?"
"ஜோடி விலையில் பாதி குடுங்கண்ணா."
"ஜோடி எங்கம்மா இருக்கு,
பாதி போடறதுக்கு?"

பதில் தெரியவில்லை.
ஐம்பது ரூபாயை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
அந்த லாட்டில் அதுவரை
முழுசாக விற்ற சரக்கு அது ஒன்றுதான்.

அன்று ராத்திரி ஹயாத்துக்கு நானே போன் போட்டேன்.
விலை பேசவில்லை.
"கொண்டு வாங்க" என்றேன்.
அவரும் விலை கேட்கவில்லை.
அவருக்கும் வட்டி இருந்திருக்கும்.

இரண்டு ராத்திரி.
ஒரே பல்பின் கீழ் எதிரெதிரே சம்மணமிட்டு
"ஏழு" என்பார், "ஏழு" என்பேன்.
"ஒம்பது, பழுப்பு."
"ஒம்பது, பழுப்பு."
மாதேசு லேசைக் கோத்து முடிச்சுப் போட்டான்.
இடையில் பரோட்டா வந்தது, கரண்ட் போனது,
செல்போன் வெளிச்சத்தில்
இரண்டு ஆறை ஏழு என்று சேர்த்துப் பிறகு பிரித்தோம்.
லாபம் பாதிக்குப் பாதி என்று
எப்போது முடிவானது, யார் சொன்னது,
நினைவில்லை.

விடியும்போது ஒன்று மிஞ்சியது.
எட்டாம் நம்பர், கறுப்பு, வலது.
"இதுக்கு உங்க ஆள் எங்கே?" என்றார் ஹயாத்.
"நடந்துக்கிட்டிருக்கார்" என்றேன்.
கதையைக் கேட்டார். சிரித்தார்.
பிறகு கையை நீட்டினார்.
"அந்த அம்பதில் பாதி எனக்கு வரணும்."

இருபத்தைந்து ரூபாய் எடுத்துக் கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினார்.

வலதை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.
பில் புத்தகத்தை இப்போது
அதில்தான் செருகி வைக்கிறேன்.