இது உங்கள் வீடா?

கோச்சாதான் இறக்கிக் கொடுத்தான், அக்காள் மகன்.
"மாமா, போன இடம், தூங்கின ராத்திரி, வேகம்,
எல்லாம் இதுவே குறித்துக்கொள்ளும்.
நீங்கள் லாரியை மட்டும் ஓட்டுங்கள்."

ஓட்டினேன்.

விளாதிகாவ்காஸில் ஒரு லாரி நிறுத்தம்.
எண்ணெய்க் கறை, சூப் கடை,
கழிப்பறைக்கு இருபது ரூபிள்.
அதை மிதித்த மறுநொடி
ரஷ்யா மொத்தமும் பசிபிக் கரை வரைக்கும்
ஆரஞ்சு நிறமாகிவிட்டது.
நீங்கள் பார்த்த நாடு, என்றது செயலி.
வாழ்த்து வேறு, காகிதத் துண்டுகள் பறக்கிற மாதிரி.

மக்வாலாவிடம் காட்டினேன்.
ஏழு மாத வயிற்றின் மேல் போனைச் சாய்த்துக்கொண்டு
வரைபடத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்கித்
தான் பிறந்த ஊரைத் தேடினாள்.
சாகேரி சாம்பல் நிறத்தில் கிடந்தது.
கல்யாணமாகி ஆறு வருஷம்.
ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தாள்.
திட்டியிருக்கலாம்.

ஜனவரியில் பனி சரிந்து மலைப்பாதையை மூடினார்கள்.
கோபியிலிருந்தே வரிசை.
முன்னால் ஹிராச்யா, யெரெவானில் இருந்து பாலாடைக்கட்டி ஏற்றி வந்தவன்.
பின்னால் ஒற்றை விளக்கு எரியும் ஒரு கசாக் வண்டி,
ஓட்டுபவன் முகம் கடைசிவரை தெரியவில்லை.
ராத்திரியில் என் சரக்கு பேசும்.
மினரல் வாட்டர் உறைந்து
ஒவ்வொரு பாட்டிலாக விரிகிற சத்தம்.
எத்தனை என்று எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன்,
கம்பெனியில் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

ஹிராச்யாவின் போனிலும் அதே செயலி.
இருவரும் வேகத்தை ஒப்பிட்டோம்.
மணிக்கு நூற்று ஐம்பது மீட்டர், அவன்.
நூற்று நாற்பத்தெட்டு, நான்.
அந்த இரண்டு மீட்டரை எங்கே விட்டாய் என்று கேட்டான்.
செக்குமாட்டின் கழுத்தில் இதைக் கட்டியிருந்தால்
அது எப்போதோ உலகம் சுற்றி முடித்திருக்கும்.

பதினோராம் நாள் சாயங்காலம் ருஸ்தாவியிலிருந்து கோச்சா.
பெண் குழந்தை.
மூன்று கிலோ இருநூறு.
நான் ஹிராச்யாவிடம் சொன்னேன், அவன் ஹார்னை அழுத்தினான்,
அவனுக்கு முன்னால் இருந்தவன்
பாதை திறந்துவிட்டது என்று எண்ணி
எஞ்சினைக் கிளப்பி அவனும் அழுத்த,
சுரங்கம் வரைக்கும் நூறு வண்டி உறுமியது.
பொய் என்று தெரிந்ததும் கெட்ட வார்த்தை வந்தது,
நான்கு மொழியில்.
காரணம் தெரிந்ததும் இன்னும் பெரிய ஹார்ன்.
ஒற்றை விளக்குக்காரன் அந்த விளக்கை
மூன்று தடவை அணைத்து அணைத்துப் போட்டான்.

அன்றைய பதிவு இப்போதும் இருக்கிறது.
தூரம்: ஒரு கிலோமீட்டர் இருநூறு.
புதிய இடங்கள்: இல்லை.

இரண்டு நாள் கழித்து, விடியுமுன்,
திரை தானாக வெளிச்சமானது.
"கடந்த ஓராண்டில் இந்த வரிசையில்
நாற்பத்தொரு இரவு தங்கியிருக்கிறீர்கள்.
இது உங்கள் வீடா?"
ஆம். பிறகு கேள்.
'பிறகு'வைத்தான் தேடினேன்.
கட்டைவிரல் மரத்துப் போயிருந்தது.
ஒரு சின்ன வீட்டுப் படம்,
புகைபோக்கியோடு, பள்ளத்தாக்கின் நடுவில் முளைத்தது.

பிப்ரவரியில் ஐந்தாம் மாடி ஏறி வந்தேன்.
செருப்பைக் கழற்றுவதற்குள் போன் கிணுகிணுத்தது.
மக்வாலா எடுத்துச் சத்தமாக வாசித்தாள்:
"ருஸ்தாவி சுற்றுலா. முதல் நாள்.
வீட்டிலிருந்து நூற்று அறுபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறீர்கள்.
பயணம் இனிதாகட்டும்."
குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.
"ஐயா எத்தனை ராத்திரி தங்குகிறீர்கள்?"
"அறை இருக்கிறதா?"
"ஒரே அறை. அதில் ஏற்கெனவே ஒரு ஆள், ராத்திரியெல்லாம் அழும்."
சிரித்தோம். அவள் கொஞ்சம் முன்னதாக நிறுத்தினாள்.

குழந்தை தூங்கியபின்
இருட்டில் உட்கார்ந்து அமைப்புகளைத் துழாவினேன்.
மொழி மாற்றலாம், நிறம் மாற்றலாம்,
மைலா கிலோமீட்டரா கேட்கிறது,
வீட்டை மாற்றுகிற இடம் மட்டும்
எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறதோ.
தேடிக்கொண்டிருக்கும்போதே கம்பெனியிலிருந்து அழைப்பு:

மல்ஹாஸ், பாதை திறந்தாயிற்று,
ஆறு மணிக்குள் வண்டியை எடு.