காரணம் கேட்கப்படுவதில்லை

படிவத்தில் மூன்று கட்டங்கள்.
எலும்பு மஜ்ஜை.
கைநரம்பில் ஓடும் ரத்தம்.
தொப்புள்கொடி ரத்தம்.
எது முதல் விருப்பம், எது இரண்டாவது
என்று எண் போடவேண்டும்.
துர்க்குவில் டிசம்பர். மூன்றரை மணிக்கே இருட்டு.

ஸாய்மாவுக்கு முப்பத்தெட்டு வயது.
எண்ணி முடியாத தீவுகளுக்கு நடுவே
கப்பல்களைத் துறைக்கு அழைத்துவருகிற வேலை.
அண்ணன் ஓலாவி பொருந்தவில்லை.
தங்கை கெர்த்து பாதி.
ஒரே வயிறு, ஒரே மூக்கு,
சிரித்தால் ஒரே பக்கம் கோணும் உதடு.
அணு மட்டும் ஒட்டமாட்டேன் என்கிறது.

பதிவேட்டில் ஒருவன் இருக்கிறான்.
பெயர் தெரியாது, நாடு தெரியாது.
இருபத்தொன்பது வயது, எண்பத்தொரு கிலோ,
பத்துக்குப் பத்துப் பொருத்தம்.
கல்யாணம்தான் இல்லை.

கொடி ரத்தத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.
எங்கோ ஒரு பிள்ளை பிறந்த நாளில் பிடித்து
நைட்ரஜன் குளிரில் வைத்தது.
அந்தப் பிள்ளை இப்போது
ஒன்பதாம் வாய்ப்பாட்டில் தடுமாறிக்கொண்டிருக்கும்.
ஆனால் பை சிறியது, ஒரு டம்ளர்கூட நிறையாது;
ஸாய்மா எண்பத்தாறு கிலோ.
தொப்புள்கொடி உறவு என்கிறோமே,
அதையும் தராசில்தான் வைக்கிறார்கள்.

ராக்னார் கைரத்தம் என்றார்.
ஊசி போட்டு அணுக்களை எலும்பைவிட்டுக் கிளப்பலாம்,
நாலைந்து மணி நேரம் இயந்திரத்தில் வடிகட்டலாம்,
சீக்கிரம் வேர்பிடிக்கும்.
ஹில்மா மஜ்ஜை என்றார்.
மெதுவாகத்தான் துளிர்க்கும்,
பின்னாளில் சண்டை குறைவு.
குடிவந்த அணு
வீட்டுக்காரியையே அந்நியள் என்று நினைத்துப்
போடும் சண்டை.
தோல் இறுகும். வாய் உலரும்.
கண்ணீர் வற்றும்.
உயிரோடிருப்பவர் கணக்கில்
இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லையே, என்றார் ராக்னார்.
கண் இருக்கிறதே, என்றார் ஹில்மா.
அவள் பிழைப்பே கண்ணில்தான்.

மஜ்ஜைக்கு எதிரே ஒன்று என்று எழுதினேன்.

ஒன்பது நாள் கழித்துப் பதில்.
மஜ்ஜை: இல்லை.
கைரத்தம்: சம்மதம்.
காரணம் எழுத அதில் இடமே கிடையாது.
கேட்கப்படுவதில்லை.
ஒருவேளை கூரை வேய்கிறவன்,
இடுப்பு வலித்தால் இரண்டு வாரக் கூலி போகும்.
ஒருவேளை மயக்க மருந்துக்குப் போன அப்பா
எழுந்து வராத வீடு.
ஒருவேளை வெறும் பயம்.
எனக்கும் பயம்தான்.
பதினோரு வருடமாக இந்த மேசையில் இருக்கிறேன்,
என் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ஹில்மா ஒன்றும் சொல்லவில்லை.
சண்டையை அடக்க, முயலின் ரத்தத்திலிருந்து
எடுத்த மருந்தைச் சீட்டில் சேர்த்தார்.

பிப்ரவரியில், ஔரா ஆறு உறைந்துகிடந்த மாலை,
பெட்டியை மடியிலிருந்து இறக்காத ஒருவர்
டாக்சியில் வந்தார்.
உள்ளே தக்காளி ரசத்தின் நிறத்தில் ஒரு பை.
பதினைந்தாம் நாள் வெள்ளையணு தலைகாட்டியது.
ஓ பிரிவு ரத்தம் மெல்ல பி ஆனது.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள்.
எட்டாம் மாதம்
யாரோ ஒருவனின் தசை
அவளுக்குள் ஆடியது,
கொஞ்சம் வாயில், கொஞ்சம் கண்ணில்.

ஊர், பெயர், அடையாளம் இல்லாமல்
அவனுக்குக் கடிதம் எழுதலாம்.
எழுதினாள். படித்துத் திருத்துவது என் வேலை.
கப்பல் என்ற சொல்லை அடித்தேன்.
தீவு என்ற சொல்லை அடித்தேன்.
வேலைக்குத் திரும்பிவிட்டேன் என்பதை விட்டுவைத்தேன்.
அவன் என்ன வேலையை நினைத்துக்கொள்வானோ.

இப்போது அவள் சட்டைப்பையில் ஒரு சிறு குப்பி.
பாறைகள் நெருங்குகிற இடத்துக்கு முன்னால்
வேகத்தைக் குறைக்கச் சொல்கிறாள்.
வலக்கண்ணுக்கு ஒரு சொட்டு,
இடக்கண்ணுக்கு ஒன்று.
இமைக்கிறாள்.
மிதவை தெரிகிறது.
பச்சை.