சிவப்பு விளக்கு

மாட்ரிடில் காலை ஒன்பது.
வால்தீவியாவில் நான்
அடுப்பில் ஈர விறகைத் திணித்துவிட்டு
ஹெட்செட்டை மாட்டிக்கொள்கிறேன்.
விடிய இன்னும் ஐந்து மணி நேரம்.

குழாய் வெடித்து வந்த நீரா,
கூரை ஒழுகி வந்த நீரா?
இதைக் கேட்பதற்குத்தான் சம்பளம்.
முதலாவதற்குப் பணம் உண்டு.
இரண்டாவதற்கு வருத்தம் தெரிவிப்போம்.

ஏழு மணிக்கு மைதே வருவாள்,
போர்வையை வால்போல இழுத்துக்கொண்டு.
பேசமாட்டாள்.
காதோரம் சிவப்பு எரிந்தால்
அம்மா வீட்டில் இல்லை என்று
மூன்று வயதுக்குள் தெரிந்துகொண்டாள்.
நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.
மேசைக்கடியில் புகுந்து
என் காலுறையைக் கழற்றி
பெருவிரலோடு குசுகுசுவென்று
ஏதோ வழக்கு பேசிக்கொண்டிருப்பாள்.

நிபால்தோ சால்மன் பண்ணையில்.
பதினான்கு நாள் கடலில், பதினான்கு நாள் வீட்டில்.
இவை கடல் நாட்கள்.

"கொடுத்துவைத்தவள் நீ,
பிள்ளையோடேயே இருக்கிறாய்"
என்பாள் எதிர்வீட்டு எர்மினியா.
ஆமாம், பிள்ளையோடேதான்.
நடுவில் ஒரு பலகை, அவ்வளவுதான்.

நேற்று
குவாதலஹாராக்காரர் ஒருவர் அழுதார்.
படுக்கையறைச் சுவர் முழுக்கப் பூஞ்சையாம்.
"ஒரு நிமிடம் ஐயா" என்று
நான் கோப்பைத் தேடும்போது
எங்கள் ஒழுகலுக்கு வைத்திருந்த வாளியை
மைதே கவிழ்த்தாள்.
தரையெல்லாம் ஜூலை மாதம்.
"உங்கள் பக்கம் தண்ணீர் கொட்டுகிறதா?"
"இல்லை, இணைப்பில் இரைச்சல்."
மேசைக்கடியில் ஒருத்தி
வாயைப் பொத்திச் சிரித்தாள்.

அவருடையது கூரை நீர்.
வருத்தம் தெரிவித்தேன்.

பதினொன்றுக்குக் கழற்றி வைத்தேன்.
"மைதே, வா, ஆற்றங்கரைக்குப் போகலாம்,
கடல்சிங்கங்கள் மீனுக்குக் கத்துகின்றன."
பதில் இல்லை.
அலமாரிக்கும் சுவருக்கும் இடையில்
என் கம்பளித் தலைப்பட்டையை மாட்டிக்கொண்டு
உட்கார்ந்திருந்தாள்.
ஆப்பிளிலிருந்து உரித்த சிவப்பு வில்லை
கன்னத்தில் ஒட்டியிருந்தது.
என் பக்கம் திரும்பாமலே
ஒரு விரல் மட்டும் உயர்ந்தது:
பொறு.

"குழாயா, கூரையா?"
அச்சு அசல் என் குரல்.
கேட்டாள், தலையாட்டினாள்,
"கூரையா? சரி, பணம் தருகிறோம்" என்றாள்.
அடுத்தவருக்கும் தந்தாள்.
அதற்கடுத்தவருக்கும்.

ஈரத் துணியோடு தரையில் உட்கார்ந்தேன்.
சமையலறையிலிருந்து
சூப் தீயும் வாசனை வந்தது.
எழுந்திருக்கவில்லை.
வில்லை இன்னும்
சிவப்பாகத்தான் இருந்தது.